ஆகட்டும் அண்ணனின் டப்பா

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது. பஸ் டிப்போவில் எல்லோருக்கும் அவர் ‘ஆகட்டும்’ அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு ஆள் வரவில்லை, கொஞ்சம் வர முடியுமா என்று மேலாளர் கேட்டால், ஆகட்டும். புது வண்டியை எனக்குக் கொடுத்துவிட்டு அந்த ஆட்டம் போடும் பழைய வண்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு டிரைவர் பல்லிளித்தால், அதற்கும் ஆகட்டும். கேட்டவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் இவர் சாவியை எடுத்துக்கொண்டு நடந்திருப்பார். ‘முடியாது’, ‘வேண்டாம்’ போன்ற சொற்கள் அந்த மனிதருக்கு வராது என்று டிப்போவில் பேசிக்கொள்வார்கள். அது தப்பு. அந்தச் சொற்கள் அவரிடம் இருந்தன. அவற்றை வீட்டில் மட்டும் செலவழித்துக்கொண்டிருந்தார்.

காலையில் முதல் வண்டி அவருடையது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் முடிகிற இடத்தில் கிளம்பி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைவீதி என்று சுற்றி, ரயில் நிலையத்தின் வாசலில் கொண்டுபோய் விடும். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் தினமும் அதே ஆட்கள், அதே இருக்கை. ஒரு மழை நாளில், குடையோடு மல்லுக்கட்டியபடி ஓடிவந்த மருந்துக்கடை அம்மாவுக்காக அவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். மறுநாள் அந்த அம்மா கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது காகிதத்தில் சுற்றிய கேக் துண்டு ஒன்றை அவர் கையில் வைத்தார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த பாங்க்காரருக்குச் சும்மா இருக்க முடியவில்லை, அவர் அடுத்த நாள் சாக்லேட் கொண்டுவந்தார். அப்புறம் தையல் கம்பெனிக்குப் போகிற பெண்கள் முறுகலான பிஸ்கட் கொடுத்தார்கள். இப்படியே பற்றிக்கொண்டது. கடைசி நிறுத்தத்தில் முன்கதவு திறந்தால் ஆட்கள் இறங்குவதற்கு முன் தின்பண்டங்கள் இறங்கும்.

வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டால் பரவாயில்லை. மருந்துக்கடை அம்மா வைக்க விடமாட்டார். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு, “ஒரு வாய் போடுங்க தம்பி, உப்பு புளி சரியா இருக்கான்னு சொல்லுங்க” என்பார். கேக்கில் ஏது உப்பும் புளியும்? அவர் சாப்பிட்டுக் காட்டும்வரை அந்த அம்மா நகர மாட்டார். பின்னால் இறங்க நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவர் தின்று, தலையாட்டி, “பிரமாதம்மா” என்பார். கொடுத்த முகம் மலர்வதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைப்பானேன். நாளெல்லாம் மனிதர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை, அந்த ஒரு நிமிடம்தான் முகத்துக்கு முகம் கிடைக்கும்.

அந்த வருடத்தின் நடுவில் டிரைவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை வந்தது. டிப்போவின் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வந்திருக்கிறது, மாத்திரையோடு சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இவர், வழக்கம்போல, ஆகட்டும் என்றார்.

வீட்டில் மனைவி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை, புலம்பவும் இல்லை. பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, மகளுக்குப் போன் போட்டு, என்ன தரலாம் என்ன தரக்கூடாது என்று கேட்டாள். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாளிலிருந்து காலையில் ஒரு வட்ட எவர்சில்வர் டப்பா அவருடைய பைக்குள் ஏறியது. வேகவைத்த கொண்டைக்கடலையில் வெங்காயம் நறுக்கிப்போட்டு எலுமிச்சை பிழிந்தது ஒரு நாள். உப்பில்லாமல் வறுத்த வேர்க்கடலை ஒரு நாள். வெள்ளரி, காரட், கொய்யாத் துண்டுகள் ஒரு நாள். ஒவ்வொன்றையும் அவள் வெட்டி அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால் சாப்பிடவே மனம் வராது, அத்தனை அழகு.

சாப்பிட மனம் வராமல் போனதற்கு அது காரணமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் ஒழுங்காகச் சாப்பிட்டார். இரண்டாம் நாள் கேக், சாக்லேட், பிஸ்கட் எல்லாம் உள்ளே போனபின் டப்பாவைத் திறந்தால் வயிற்றில் இடமில்லை. திருப்பி எடுத்துப்போனால் மனைவியின் முகம் வாடும். கொட்டவும் கை வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில், பஸ்ஸுக்கு அடியில் வெட்டியிருக்கும் குழிக்குள் நின்று வேலைபார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் தலையை நீட்டினான். ஸ்பேனர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆள் கொஞ்சம் பெரிய உடம்பு, குழியிலிருந்து ஏறிவர இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும்.

“என்னண்ணே அது, மூடி வச்ச டப்பாவையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

“சாப்பிடுறியா?”

“உங்களுக்கு?”

“எனக்கு நிறைஞ்சிருச்சுப்பா.”

ஸ்பேனர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டான். காலி டப்பா வீட்டுக்குப் போனது. மனைவி அதைத் திறந்து பார்த்து, “எல்லாத்தையும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். அவர் ‘ம்’ என்றார். அந்த ஓர் எழுத்துப் பொய்தான் முதல் பொய். அதன்பின் தினமும் டப்பா குழிக்குள் இறங்கியது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான், ஆனால் பிள்ளையாருக்கு அதில் நல்ல பலன் கிடைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

சரி, எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அந்தப் பயணிகளிடம் சொல்லிவிட்டுப் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் டிரைவருக்கு நோய் என்று தெரிந்தால் அந்த முதல் வண்டியில் ஏறுகிறவர்கள் இனி தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே அவருக்குக் கூசியது. பின்னால் இருக்கிற கண்கள் எல்லாம் தன் கழுத்தில் பதிந்து, மனுஷன் எப்போது சரிவான் என்று காத்திருக்கும் என்று பயந்தார். அந்தப் பயத்தில், கைக்கெட்டிய தூரத்தில் மருந்துக்கடை அம்மாவின் கடை இருக்க, இரண்டு பஸ் மாறிப் போய் வேறெங்கோ மாத்திரை வாங்கி வந்தார். தன் பஸ்ஸிலேயே கடைக்காரி இருக்க, அடுத்தவர் பஸ்ஸில் மருந்துக்குப் போன டிரைவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

நவம்பர் கடைசியில் மறுபடியும் டெஸ்ட். இந்தத் தடவை மனைவியும் கூட வந்திருந்தாள். சர்க்கரை குறையவில்லை, ஏறியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இப்படியே போனா நான் கையெழுத்துப் போட முடியாது. புது வருஷம் பொறந்ததும் வாங்க. அப்பவும் குறையலன்னா வண்டி தர மாட்டாங்க. தொலைஞ்ச சாமான் கவுன்ட்டர்ல ஒரு இடம் காலியா இருக்கு, அங்க உக்கார வைப்பாங்க.”

மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். “நான் பாத்துப் பாத்துத்தான் குடுக்கிறேன் டாக்டர். எண்ணெய் இல்ல, சர்க்கரை இல்ல. குடுக்கிறது மிச்சமில்லாம சாப்பிடுறாரு. என் கையில என்ன தப்புன்னு எனக்கே தெரியல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் போல அவர் உட்கார்ந்திருந்தார். சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்த வார்த்தையை மென்று விழுங்கினார். அதிலும் சர்க்கரைதான் ஜாஸ்தி.

தொலைந்த சாமான் கவுன்ட்டர் என்றால் ஜன்னலில்லாத ஓர் அறை. குடைகள், ஒற்றைக் கையுறைகள், யாரோ விட்டுப்போன பள்ளிக்கூடப் பைகள். அங்கே உட்கார்ந்து மனிதர்களுக்குக் குடை எடுத்துக் கொடுப்பதை நினைத்தபோது அவருக்குத் தன் பஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. விடியும் முன் பஸ்ஸின் கதவைத் திறந்ததும் வருகிற அந்தக் குளிர்ந்த ரப்பர் வாசனை, முதல் வளைவில் முழு வண்டியும் தன் கைக்குக் கட்டுப்பட்டுத் திரும்புகிற கனம், கண்ணாடியில் தூங்கி வழிகிற தலைகள். தன்னை நம்பித்தான் அவர்கள் தூங்குகிறார்கள் என்று அவருக்கு ஒரு பெருமை. அது போய்விட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு டிசம்பர் வந்தது. சர்க்கரைக்காரனுக்கு அதைவிடக் கெட்ட மாதம் கிடையாது.

வீட்டு ஜன்னலில் மனைவி விளக்குச்சரம் கட்டினாள். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அவள் செய்கிற பழக் கேக் இந்த வருடம் இல்லை என்று முடிவெடுத்தாள். அதற்குப் பதில் என்ன என்பதுதான் அவளுடைய டிசம்பர் முழுவதும். “பண்டிகைக்கு மனுஷன் மூக்கைப் பொத்திக்கிட்டா திரிவான்? வாசனையும் வேணும், உடம்பும் கெடக்கூடாது” என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்ஸை வறுத்துப் பொடித்து, பட்டைத் தூளும் கொஞ்சம் வாதுமையும் சேர்த்து, சர்க்கரையே போடாமல் பிஸ்கட் சுட்டாள். பழைய நட்சத்திர அச்சில்தான் வெட்டினாள். முதல் தடவை சுட்டதைக் கடிக்க முடியவில்லை. ஒன்று கீழே விழுந்து டைல்ஸில் ‘டக்’ என்றது, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்னம்மா சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் தடவை உதிர்ந்தது. நன்றாகக் கனிந்த அரை வாழைப்பழத்தைப் பிசைந்து சேர்த்தபோது மூன்றாம் தடவை கைகூடியது. ஆப்பிளை மெல்லிசாக அரிந்து, பட்டை தூவி, அடுப்பில் வாட்டி எடுத்தாள். வீடு முழுக்கக் கிறிஸ்துமஸ் மணத்தது. அத்தோடு தன் டீக்கும் சர்க்கரை போடுவதை நிறுத்தினாள். அவருக்கு இல்லாதது தனக்கு எதற்கு என்று நினைத்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒருத்தி ஒரு மனிதனைக் காப்பாற்றப் பார்க்கிறாள், அந்த மனிதன் அதைக் கொண்டுபோய்க் குழிக்குள் போடுகிறான். எனக்கு அந்த அண்ணனைப் பிடிக்கும், ஆனாலும் இந்த இடத்தில் கோபம் வராமல் இருக்காது.

பஸ்ஸில் நிலைமை இன்னும் மோசம். மற்ற மாதங்களில் துண்டு துண்டாக வந்தவை இப்போது பெட்டி பெட்டியாக வந்தன. ரிப்பன் கட்டிய கேக், தகரப்பெட்டி பிஸ்கட், கிரீம் வைத்த ஏதேதோ. மருந்துக்கடை அம்மா படியில் நின்று கண்காணித்தார். கிறிஸ்துமஸ் முடியட்டும், அதற்கப்புறம் வாயைக் கட்டலாம் என்று இவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அலை ஓய்ந்தபின் கடலில் குளிக்கலாம் என்று கரையில் நின்றவர் எவர் குளித்தார்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேஜையில் ஏதாவது மூடிவைத்திருக்கும். மனைவி மூடியைத் திறப்பாள்.

“வேணாம், பசிக்கல.”

“கொஞ்சமா?”

“வேணாம்னு சொல்றேன்ல.”

அவள் மூடிவிடுவாள். பிறகு தனக்கு ஒரு தட்டில் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்வாள். இது டிசம்பரில் வந்த பழக்கம் அல்ல. மருந்துக்கடை அம்மாவின் மழை நாளிலிருந்தே அந்த வீட்டில் இராச்சாப்பாடு ஒரு தட்டாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு டிப்போவில் எல்லோரும் குடும்பத்தோடு கூடுகிற நாள். ஒர்க்‌ஷாப்பைக் கழுவித் துடைத்து, குழிகளின் மேல் பலகை போட்டு மூடி, ஒரு பஸ்ஸைச் சுற்றி விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மனைவியும் வந்திருந்தாள், கையில் ஒரு பெரிய டப்பா நிறைய நட்சத்திர பிஸ்கட். மேஜையில் கேக்குகளுக்கு நடுவே அது கொஞ்சம் ஏழையாகத்தான் தெரிந்தது. அவள் அதைத் தள்ளி ஒரு மூலையில் வைத்தாள்.

அப்போது ஸ்பேனர் வந்தான். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, போன வருடம் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தான். சட்டை அவன் மேல் தொளதொளத்தது. அவன் நேராக அந்த மூலைக்குப் போய் ஒரு நட்சத்திரத்தை எடுத்து வாயில் போட்டான்.

“அண்ணி, இன்னைக்கு மூணாவது. காலையில டப்பாவுலயும் இதான். உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்.”

“காலையிலயா?” என்றாள் அவள்.

“ஆமா அண்ணி. எனக்கும் சுகர் வர்ற மாதிரி இருக்குன்னு டாக்டர் பயமுறுத்தினாங்க. போன வாரம் பாத்தா எல்லாம் இறங்கிருச்சு. என்னப்பா பண்ணினேன்னு கேட்டாங்க. எங்க அண்ணி டப்பா டாக்டர்னு சொன்னேன். மனுஷன் தினமும் தான் சாப்பிடாம எனக்குக் குடுக்கிறாரு, யாரு செய்வா?”

ஆகட்டும் அண்ணன் மேஜையின் மறுபக்கம் நின்றிருந்தார். கையில் யாரோ வற்புறுத்திக் கொடுத்த கேக். குட்டு உடைபடுவது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அவருடையது அன்று கையும் கேக்குமாக உடைந்தது. மனைவி அவரைப் பார்த்தாள். அந்தக் கேக்கையும் பார்த்தாள். பிறகு ஸ்பேனரிடம், “நல்லா இரு தம்பி, இன்னும் ரெண்டு எடுத்துக்கோ” என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வரும்வரை அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த டாக்டர் முன்னாடி அப்படித்தான் சொன்னேன். பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க.”

“அவங்க ஆசையா குடுக்கும்போது எப்படி வேணாம்னு சொல்றது?” என்றார் அவர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“எங்கிட்டச் சொல்றீங்களே, தினமும். அது எப்படி வருது?”

அவர் குனிந்து தன் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

“ஊருக்கெல்லாம் ஆகட்டும். எனக்கு மட்டும் வேணாம்.” அவள் எழுந்தாள். “கோவம்னு நினைக்காதீங்க, அசதியா இருக்கு. நாளையிலேர்ந்து டப்பா கட்ட மாட்டேன். மூடி வச்சுக்கிட்டுக் காத்திருக்கவும் மாட்டேன். பசிச்சா வாயைத் திறந்து கேளுங்க, குடுக்கிறேன்.”

மறுநாள் பை லேசாக இருந்தது. அந்த லேசு அவருக்குத் தாங்கவில்லை. ஓட்டிக்கொண்டு போகும்போது, இத்தனை நாளும் பக்கத்துக் கதவுப் பையில் கடகடவென்று ஒலித்த டப்பாவின் சத்தம் இல்லாமல் வண்டியே வேறு வண்டியாக இருந்தது. தொலைந்த சாமான் கவுன்ட்டர்கூட அன்று பெரிதாகத் தெரியவில்லை. தன் மனைவி அவளுடைய கைகளையே சந்தேகப்பட்டாள் என்பதுதான் ஒவ்வொரு சிக்னலிலும் வந்து முன்னால் நின்றது.

கடைசி நிறுத்தம். கதவு திறந்தது. மருந்துக்கடை அம்மா ரிப்பன் கட்டிய பெட்டியைத் திறந்து ஒரு துண்டை நீட்டினார். படியில் ஒரு கால்.

“ஒரு வாய் போடுங்க தம்பி.”

அவர் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார்.

“வேணாம்மா.”

பின்னால் இறங்க நின்றவர்கள்கூட உச்சுக்கொட்ட மறந்துபோனார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், மடமடவென்று சொல்லிவிட்டார். “எனக்குச் சர்க்கரை இருக்கும்மா. ரொம்ப நாளா இருக்கு. இதையெல்லாம் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஏறிப்போச்சு. குறையலன்னா வண்டியை வாங்கிக்குவாங்க. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“எங்க கடைப்பக்கம் மாத்திரை வாங்க வந்ததே இல்லையே?”

“ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்குறேன்.”

அந்த அம்மா பெட்டியை மூடினார். ரிப்பனைத் திரும்பக் கட்டினார். “எனக்கும் இருக்கு தம்பி,” என்றார். “நான் இதை வாயில வைக்கிறதே இல்ல. அவரு போனப்புறம் வீட்ல சாப்பிட ஆள் இல்ல, செய்யாமலும் இருக்க முடியல. அதான் ஒரு வாய் போடுங்கன்னு உங்க உயிரை வாங்கினேன். உப்பு புளியை எனக்குத்தான் பாக்க முடியாதே.”

பிறகு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அக்கா, தனக்கும் இருக்கிறது என்றாள். பாங்க்காரருக்குப் பின்னால் நின்ற பெரியவர், தனக்கு அதோடு பிரஷரும் சேர்த்து என்றார், ஏதோ பரிசு வாங்கியவரைப் போல. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அந்த முன்கதவில் நின்றவர்களில் பாதிப்பேர் சர்க்கரைக்காரர்கள். தன்னால் சாப்பிட முடியாததை அடுத்தவருக்குக் கொடுத்து, அடுத்தவர் சாப்பிட முடியாமல் சாப்பிட்டு, எல்லோரும் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் தையல் கம்பெனிப் பெண் ஒருத்தி மெதுவாக. “அந்தக் கேக்கை நான் எடுத்துக்கட்டுமா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெட்டி அவள் கைக்குப் போனது. ஒருத்தி மட்டும், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள், சிரிக்காமல் கேட்டாள்: “ஓட்டும்போது உங்களுக்கு மயக்கம் வருமா?”

அவர் பயந்த கேள்வி அதுதான். “இதுவரைக்கும் வந்ததில்லம்மா. வராம இருக்கணும்னுதான் வேணாம்னு சொன்னேன்.” அவள் தலையசைத்துவிட்டு இறங்கினாள். மறுநாள் அதே வண்டியில் ஏறினாள். பாங்க்காரருக்குத்தான் மனத்தாங்கல், தன் சாக்லேட்டை இத்தனை காலம் கடமைக்குத் தின்றாரா என்று சில நாள் முகம் கொடுக்கவில்லை. மருந்துக்கடை அம்மா புது வருடத்துக்கு வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்தார். உப்பு கொஞ்சம் கூடுதல் என்று இவர் சொன்னார், முதல் தடவையாக உண்மையை.

புது வருட டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குறைந்திருந்தது. டாக்டரம்மா எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, ஆனால் இறங்குமுகம் என்று கையெழுத்துப் போட்டார், கோடைக்குள் மறுபடி வரச்சொல்லி மிரட்டவும் செய்தார். வண்டி அவரிடமே இருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை, அந்த முதல் ‘வேணாம்மா’ சொன்ன அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது.

அன்று அவர் நாள் முழுக்க யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கேன்டீனில் அளவாகச் சாப்பிட்டதோடு சரி. டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு, வீட்டுப் படிகளில் ஏறும்போது வயிற்றுக்குள் ஏதோ இழுத்தது. முதலில் அவருக்கு என்னவென்று புரியவில்லை, நோய்தான் புதிதாக ஏதோ செய்கிறதோ என்று பயந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கியபோது புரிந்தது.

மேஜை காலியாக இருந்தது. சொன்னபடியே எதுவும் மூடிவைக்கவில்லை. ஜன்னலில் விளக்குச்சரம் எரிந்துகொண்டிருந்தது. மனைவி சமையலறையில், முதுகைக் காட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றார். ஆகட்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய், இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு தடவை தொண்டையைச் செருமியது.

“பசிக்குது.”

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

“என்ன சொன்னீங்க?”

“பசிக்குதுன்னு சொன்னேன். இன்னைக்கு யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ரொம்பப் பசிக்குது.”

அவள் கையைத் துடைத்துக்கொள்ள எடுத்த துணியால் முகத்தையும் துடைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு தட்டு அடுக்குக்குப் போய் வழக்கமான தன் தட்டை எடுத்தாள். அவருடைய தட்டு எல்லாவற்றுக்கும் அடியில் போயிருந்தது, மேலே இருந்தவற்றையெல்லாம் இறக்கிவைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதில் தூசி படிந்திருந்தது. அவள் அதைக் குழாயில் காட்டிக் கழுவினாள்.

“உக்காருங்க,” என்றாள். “ரெண்டு பேருக்கும் போடுறேன்.”